எலக்ட்ரான் மூலக்கூறை விட்டுப் போகும் நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாயமூட்டிய சூரிய மின்கலத்தில், ஒளியை வாங்கிக்கொண்ட சாய மூலக்கூறு தன் எலக்ட்ரானை அடியிலுள்ள குறைக்கடத்திக்கு, பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு, கொடுத்துவிடுகிறது என்றும், அந்தக் கைமாற்றம் சில ஃபெம்டோ நொடிகளுக்குள் முடியக்கூடும் என்பதை எக்ஸ் கதிர் நிறமாலையியல் காட்டியிருக்கிறது என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்): எக்ஸ் கதிர் என்றால் எலும்பைப் படம் பிடிப்பதுதான் எங்கள் மாணவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு மூலக்கூறிலிருந்து மின்னூட்டம் வெளியேறுவதை அது எப்படிக் காட்டும்? அதற்குக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியே போதாதா?

பதில்: புலனாகும் ஒளியும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது, லேசர் துடிப்புகளைக் கொண்டு இதே கைமாற்றத்தைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். ஆனால் அந்த ஒளி தொடுவது வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டுமே. மூலக்கூறும் பரப்பும் பிணைந்தபின் அந்த எலக்ட்ரான்கள் பல அணுக்களுக்குப் பொதுவாகப் பரவிவிடுவதால், கிடைக்கும் குறிகையில் எது சாயத்தினுடையது, எது ஆக்சைடினுடையது என்று பிரித்தறிவது எளிதன்று.

உள்கூட்டு எலக்ட்ரான்கள் அவ்வாறு பரவுவதில்லை. அவை தத்தம் அணுக்கருவை ஒட்டியே இருப்பவை. அவற்றைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றலும் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். கார்பனின் 1எஸ் (மிக உள்ளே இருக்கும் கூட்டின்) எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 285 எலக்ட்ரான் வோல்ட், நைட்ரஜனுக்கு 400, ஆக்சிஜனுக்கு 530 என்று ஒவ்வொன்றும் தனித்தனியே விலகி நிற்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜன் கிடையாது, சாயத்தில் உண்டு. ஆகவே 400 எலக்ட்ரான் வோல்ட் அருகே வரும் குறிகை சாயத்திலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். முகவரி தெரிந்த ஓர் அணுவின் அருகில் நின்றுகொண்டு அங்கே எலக்ட்ரான் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க முடிவதே இந்த முறையின் முழு வலிமையும்.

அடிப்படை, பாடநூலில் உள்ள ஒளிமின் விளைவுதான். 1887-இல் ஹெர்ட்ஸ் கண்டறிந்து, 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கியது. உள்ளே வந்த ஒளித்துகளின் ஆற்றலிலிருந்து வெளியே வந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கழித்தால் பிணைப்பாற்றல் கிடைக்கும். இதை நுட்பமான வேதியியல் ஆய்வுமுறையாக வளர்த்தெடுத்தவர் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை சீக்பான். அதற்காக 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எலும்பைப் படம் பிடிக்கும் கதிரின் ஆற்றல் பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட். நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் சில நூறு மட்டுமே கொண்ட மென் எக்ஸ் கதிர். அது காற்றிலேயே உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் ஆய்வு முழுவதும் வெற்றிடத்தில் நடக்கிறது. வெளிவரும் எலக்ட்ரான்களும் ஏறத்தாழ ஒரு நானோ மீட்டரைவிட அதிக ஆழத்திலிருந்து ஆற்றலை இழக்காமல் வெளியே வர இயலாது; பரப்பைப் படிக்க விரும்புபவருக்கு அது குறையன்று, பேறு.

கேள்வி (வேதியியல் முதுகலை மாணவி): மூலக்கூறு பரப்பின் மீது வெறுமனே கிடக்கிறதா, பிணைந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? பிணைப்பு இல்லாமல் மின்னூட்டம் போகாது அல்லவா?

பதில்: மிகச் சரியான இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். நேரத்தை அளப்பதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை இது. பலர் அவசரப்பட்டுத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

பை-ஐசோநிக்கோட்டினிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். என்3 என்று அழைக்கப்படும் புகழ்பெற்ற ரூத்தீனியம் சாயத்தில் ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும் கை இதுதான். இரண்டு பிரிடின் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நைட்ரஜன், ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி. இதை வெற்றிடத்தில் பல அடுக்குகளாகப் படியவைத்து ஆக்சிஜனின் 1எஸ் பகுதியை அளந்தால், ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு விலகிய இரண்டு உச்சிகள் தெரியும்: ஒன்று கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆக்சிஜன், மற்றது ஹைட்ரஜனைத் தாங்கியிருக்கும் ஆக்சிஜன். இப்போது மாதிரியை மெல்லச் சூடாக்கி மேலடுக்குகளை ஆவியாக்கி, ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒற்றை அடுக்கை மட்டும் விட்டுவைத்து மீண்டும் அளக்கிறோம். ஆக்சைடின் பெரிய உச்சிக்குப் பக்கத்தில் மூலக்கூறுக்கு உரியதாக ஒரே ஓர் உச்சிதான் தெரிகிறது. ஹைட்ரஜன் கழன்றுவிட்டது, இரண்டு ஆக்சிஜன்களும் ஒன்றுபோல ஆகிவிட்டன. இரண்டு ஆக்சிஜன்களும் பரப்பின் டைட்டானியம் அணுக்களைப் பிடித்துக்கொண்டு பாலம்போல் நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திரையில் இரண்டு மேடுகள் ஒன்றாவதை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் அதன்பின் வேதிப் பிணைப்பைப் படத்தில் வரைந்த கோடாக நினைப்பதில்லை.

மூலக்கூறு நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதையும் அறியலாம். நாம் பயன்படுத்தும் எக்ஸ் கதிர், வேகமாக ஓடும் எலக்ட்ரான்களை வளைத்து ஒளி பெறும் சின்க்ரோட்ரானிலிருந்து வருகிறது. சின்க்ரோட்ரான் ஒளி முனைவாக்கம் கொண்டது, அதாவது அதன் மின்புலம் ஒரே திசையில் அதிர்வது. அதன் மின்புலம் வளையத் தளத்துக்குச் செங்குத்தாக அமையும்போது பை-வகை வெற்று மட்டங்களுக்கு (எலக்ட்ரான் இல்லாத ஆற்றல் மட்டங்களுக்கு) எலக்ட்ரானை ஏற்றும் உட்கவர்தல் வலுவாக இருக்கும், தளத்தோடு இணையாக அமையும்போது மறைந்துபோகும். மாதிரியைத் திருப்பித் திருப்பி அளந்தால் கோணம் கிடைத்துவிடும்.

கேள்வி (மின்னணுப் பொறியாளர் ஒருவர்): ஒரு ஃபெம்டோ நொடியை அளக்கும் மின்சுற்று உலகில் கிடையாது. சின்க்ரோட்ரான் தரும் கதிர்த் துடிப்போ பல பத்து பிக்கோ நொடி நீளமுடையது. துடிப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகிய நிகழ்வை அதே துடிப்பைக் கொண்டு அளந்ததாகச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. துடிப்பைக் கொண்டு நேரத்தை அளப்பதாக இருந்தால் இது நடக்கவே நடக்காது. இங்கே கடிகாரம் கருவியில் இல்லை, அணுவுக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்த முறைக்கு உள்கூட்டுத் துளைக் கடிகாரம் என்று பெயர்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோ நொடி. அந்த நானோ நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ நொடி. அந்த நேரத்துக்குள் ஒளி கடக்கும் தொலைவு 0.3 மைக்ரோ மீட்டர் மட்டுமே.

எக்ஸ் கதிரின் ஆற்றலை நுட்பமாகச் சரிசெய்து, நைட்ரஜனின் 1எஸ் எலக்ட்ரானை அணுவைவிட்டு வெளியே தள்ளாமல், அதே மூலக்கூறின் வெற்று மட்டம் ஒன்றில் ஏற்றி வைக்கிறோம். உள்கூட்டில் ஒரு துளை விழுந்துவிட்டது. அந்தத் துளை நிலைக்காது. வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்கி அதை நிரப்பும். அப்போது விடுபடும் ஆற்றலை வாங்கிக்கொண்டு இன்னொரு எலக்ட்ரான் வெளியே பாயும். லீஸ மைட்னரும் பியேர் ஓஷேயும் 1920-களில் தனித்தனியே கண்டறிந்த இந்நிகழ்வு ஓஷே சிதைவு எனப்படுகிறது. நைட்ரஜனின் 1எஸ் துளை சராசரியாக ஏறத்தாழ 6 ஃபெம்டோ நொடி வாழ்கிறது. இது நிறமாலைக் கோட்டின் அகலத்திலிருந்து பெறப்படுவது: 0.66-ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இயல்பு அகலத்தால் வகுத்தால் வாழ்நாள் ஃபெம்டோ நொடியில் வரும். அகலம் 0.1 சொச்சம் என்பதால் விடை ஆறுக்கு அருகில் வந்து நிற்கிறது.

இனி நடப்பது ஒரு போட்டி. துளை நிரம்புவதற்குள், மேலே ஏற்றிவைத்த எலக்ட்ரான் குறைக்கடத்தியின் கடத்துப்பட்டைக்குள், அதாவது எலக்ட்ரான்கள் தடையின்றி உலவக்கூடிய ஆற்றல் மட்டங்களுக்குள், போய்விடலாம். அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம். அது இன்னும் அங்கே இருக்கும்போது துளை நிரம்பினால், வெளியே பாயும் எலக்ட்ரானின் ஆற்றல் ஒரு விதமாக இருக்கும். ஏற்றிவைத்த எலக்ட்ரானே சிதைவில் கலந்துகொண்டால் அதைப் பங்கேற்புச் சிதைவு என்றும், ஒதுங்கி நின்றால் பார்வையாளர் சிதைவு என்றும் சொல்கிறோம். அது போய்விட்ட பிறகு துளை நிரம்பினால், மூலக்கூறில் இரண்டு துளைகள் மிஞ்சும் சாதாரண ஓஷே சிதைவே நிகழும்; அதன் ஆற்றல் வேறு. கதிரின் ஆற்றலைச் சிறிது உயர்த்திப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்: எலக்ட்ரான் உள்ளேயே இருந்தபோது வந்த கோடு கதிரின் ஆற்றலோடு சேர்ந்தே நகரும், எலக்ட்ரான் போனபின் வந்த கோடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே நாம் நேரத்தை அளப்பதில்லை. இரண்டு வகை நிகழ்ச்சிகளை எண்ணுகிறோம், அவ்வளவே. நாழிகை வட்டிலில் நீர் இறங்கிய அளவைக் கொண்டு பொழுதைச் சொன்னதைப் போல, துளை நிரம்பும் வேகம் தெரிந்திருப்பதால் மற்றதன் வேகத்தைச் சொல்லிவிடுகிறோம். நூறு நிகழ்ச்சிகளில் 33-இல் எலக்ட்ரான் அங்கேயே இருந்தது, 67-இல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஐ 33-ஆல் பெருக்கி 67-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3 ஃபெம்டோ நொடி. பாதிக்குப் பாதி என்றால் 6. தொண்ணூறில் தங்கி, பத்தில் மட்டும் போயிருந்தால் 54. துடிப்பின் நீளம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் கடிகாரம் தனித்தனியே தொடங்குகிறது.

இதற்கு எல்லையும் உண்டு. போனவை நூற்றில் ஒன்றோ இரண்டோ ஆனாலும், தங்கியவை நூற்றில் ஒன்றோ இரண்டோ ஆனாலும் இரைச்சலில் அது மறைந்துவிடும். நடைமுறையில் துளையின் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரை நம்பி அளக்கலாம்.

கேள்வி (அதே பொறியாளர்): அப்படியானால் சென்ற இதழில் நீங்கள் குறிப்பிட்ட அளவீட்டில் ஏன் ‘3 ஃபெம்டோ நொடிக்கும் குறைவு’ என்று மட்டும் இருக்கிறது? எண்ணைச் சொல்லாமல் நழுவியது போலத் தோன்றுகிறது.

பதில்: நழுவல் அன்று, நேர்மை. அது யோக்கிம் ஷ்னாட் முதலானோர் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. மேலே சொன்ன பை-ஐசோநிக்கோட்டினிக் அமிலம், ரூட்டைல் பரப்பு. அவர்கள் முதலில் தடித்த அடுக்கை அளந்தார்கள். அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் ஆக்சைடைத் தொடுவதே இல்லை. ஆகவே எலக்ட்ரானுக்குப் போக இடமில்லை, உட்கவர்தலில் தெரியும் வெற்று மட்டங்கள் பங்கேற்புச் சிதைவிலும் தெரிகின்றன. பிறகு ஒற்றை அடுக்கு. உட்கவர்தலில் அதே மட்டங்கள் இருக்கின்றன, அதாவது எலக்ட்ரான் அங்கே ஏறுகிறது. ஆனால் கடத்துப்பட்டையின் ஆற்றலுக்கு நேராக உள்ள மட்டங்களின் பங்கேற்புக் குறிகை காணாமற் போயிருந்தது. ஏறிய எலக்ட்ரான், துளை நிரம்பும்போது அங்கே இல்லை. மிஞ்சிய குறிகை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவில் இருந்ததால், அந்த இரைச்சலின் அளவைக் கொண்டு மேல்வரம்பை மட்டும் சொன்னார்கள். இல்லாத ஒன்றின் அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் மேல்வரம்பு சொல்வதே முறை.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): சூரிய ஒளி உள்கூட்டில் துளை போடுவதில்லை. துளையோடு அளந்த நேரம் துளையில்லாத மின்கலத்துக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: இந்தத் துறையில் கேட்கப்பட வேண்டிய முதன்மையான கேள்வி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். முழுமையாகப் பொருந்தாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1எஸ் எலக்ட்ரான் ஒன்றை இழந்த நைட்ரஜன், வெளியே உள்ள எலக்ட்ரான்களுக்கு ஒரு புரோட்டான் கூடிய ஆக்சிஜனைப் போலத் தோன்றும். அந்த இழுப்பில் மூலக்கூறின் வெற்று மட்டங்கள் கீழே இறங்குகின்றன. மேற்சொன்ன அமிலத்தில் மிகத் தாழ்ந்த வெற்று மட்டம் அவ்வாறு இறங்கி, கடத்துப்பட்டையின் அடிவிளிம்புக்கும் கீழே, 3 எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள ஆற்றல் இடைவெளிக்குள் போய் விழுந்துவிடுகிறது. அந்த ஆற்றலில் ஆக்சைடில் இடமே இல்லாததால் அதில் ஏற்றிய எலக்ட்ரான் எங்கும் போக முடியாது. சூரிய ஒளியில் வேலை செய்யும்போதோ கதை வேறு. அதே தாழ்ந்த மட்டத்திலிருந்துதான் எலக்ட்ரான் போக வேண்டியிருக்கிறது. கடிகாரம் நமக்கு நேரம் சொன்னது அதற்கு மேலேயுள்ள மட்டங்களுக்கு.

அப்படியென்றால் அளவீடு வீணா? இல்லை. சிக்கிக்கொண்ட அந்த மட்டம் நமக்கு ஓர் அளவுகோலாக உதவுகிறது: அங்கே ஏறிய எலக்ட்ரான் கட்டாயம் தங்கும் என்பதால், மற்ற மட்டங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். மேல் மட்டங்களிலிருந்து 3 ஃபெம்டோ நொடிக்குள் எலக்ட்ரான் போய்விடுகிறது என்றால், மூலக்கூறுக்கும் ஆக்சைடுக்கும் இடையிலான பிணைப்பு மின்னியல் வழியில் மிக வலுவானது என்று தெரிகிறது. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்து, ‘இந்த மின்கலத்தில் எலக்ட்ரான் 3 ஃபெம்டோ நொடியில் போகிறது’ என்று எழுதக் கூடாது. லேசர் அளவீடுகளில் ரூத்தீனியச் சாயங்களுக்கு நூறு ஃபெம்டோ நொடிக்கும் குறைவான வேகமான பகுதியோடு, பிக்கோ நொடிக் கணக்கில் நீளும் மெதுவான பகுதியும் தெரிகிறது. எந்த அணுவிலிருந்து, எந்த மட்டத்திலிருந்து, எந்தத் துளையின் முன்னிலையில் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாத கைமாற்ற நேரத்தை நான் என் மாணவர்களின் அறிக்கையில் ஏற்றுக்கொள்வதில்லை.

துளையின் தாக்கம் இல்லாத மட்டங்களின் இடத்தை அறிய வேறு வழி இருக்கிறது. நிரம்பிய மட்டத்தை ஒளிமின் நிறமாலையில் அளந்து, அதன்மேல் சாயத்தின் ஒளி உட்கவர்தல் ஆற்றலைக் கூட்டிக் கடத்துப்பட்டையின் விளிம்போடு ஒப்பிடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி (வாசகி ஒருவர்): இவ்வளவு வலிமையான கதிர் மூலக்கூறையே சிதைத்துவிடாதா?

பதில்: சிதைக்கும். என்3 சாயத்தில் நான்கு நைட்ரஜன்கள் பிரிடின் வளையங்களிலும், இரண்டு தயோசயனேட் தொகுதிகளிலும் உள்ளன. ஆகவே நைட்ரஜன் நிறமாலையில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரண்டு உச்சிகள் வர வேண்டும். ஓர் இரவு ஒரே இடத்தில் கதிரை வைத்துக்கொண்டு மூன்று முறை அளந்தபோது, முதல் அளவீட்டில் சரியாக இருந்த அந்த விகிதம் மூன்றாவதில் மாறி, சிறிய உச்சி இன்னும் தேய்ந்திருந்தது. அன்றைய தரவு முழுவதையும் ஒதுக்கிவைத்தோம். அதன்பின் மாதிரியைக் கதிரின் முன் இடைவிடாமல் நகர்த்திக்கொண்டே அளப்பதையும், தொடக்கத்திலும் முடிவிலும் அந்த விகிதத்தைச் சரிபார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இந்தச் சாயத்தைச் சூடாக்கி ஆவியாக்கவும் முடியாது, உடைந்துவிடும். கரைசலாக்கி மின்தெளிப்பு முறையில் வெற்றிடத்துக்குள் அனுப்பிப் படியவைக்க வேண்டும்.

கேள்வி (அதே ஆராய்ச்சி மாணவர்): ஆறு ஃபெம்டோ நொடிக் கடிகாரத்துக்கு மிக வேகமாகவோ, மிக மெதுவாகவோ நடப்பவற்றை என்ன செய்வது?

பதில்: மிக வேகமானதற்கு வேறு துளையைத் தேர்ந்துகொள்ளலாம். ரூத்தீனியம் உலோகத்தின் மீது படிந்த கந்தக அணுவில், அரை ஃபெம்டோ நொடி அளவே வாழும் 2எஸ் துளையைக் கடிகாரமாக வைத்து, எலக்ட்ரான் ஏறத்தாழ 320 அட்டோ நொடியில், அதாவது ஃபெம்டோ நொடியில் மூன்றில் ஒரு பங்கில், உலோகத்துக்குள் போவதை 2005-இல் அளந்தார்கள். அது குறைக்கடத்தி இல்லை என்றாலும் முறை அதுவேதான்.

மெதுவானதற்குத் துளைக் கடிகாரம் உதவாது; உண்மையான கடிகாரம் வேண்டும். லேசர் துடிப்பால் சாயத்தைக் கிளர்ச்சியூட்டி, குறித்த தாமதத்துக்குப் பின் எக்ஸ் கதிர்த் துடிப்பால் பார்க்கும் முறை அதற்கானது. ஃபெம்டோ நொடித் துடிப்பு தரும் கட்டிலா எலக்ட்ரான் லேசர்கள் வந்தபின் இது கைக்கு எட்டியது. கலிஃபோர்னியாவில் உள்ள அத்தகைய லேசர் 2009-இல் இயங்கத் தொடங்கியது. துத்தநாக ஆக்சைடு நுண்படிகங்களின் மீது என்3 சாயத்தை வைத்து நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில், கிளர்ச்சிக்கு 500 ஃபெம்டோ நொடிக்குப் பின் ரூத்தீனியத்தின் 3டி உச்சி 2.3 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்த பிணைப்பாற்றலுக்கு நகர்ந்திருந்தது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறின் நடுவணு மீதமுள்ளவற்றை இறுக்கிப் பிடிக்கிறது என்பது அதன் முதற்பொருள். கணக்கீடுகளோடு வைத்துப் பார்த்தபோது, போன எலக்ட்ரான் உடனே ஆக்சைடுக்குள் சுதந்திரமாக ஓடிவிடாமல், தான் விட்டுவந்த சாயத்தின் நேர்மின்னூட்டத்தால் இழுக்கப்பட்டு இடைமுகத்தருகே தங்கும் நிலைக்கு வலுவான அறிகுறிகள் தெரிந்தன. துத்தநாக ஆக்சைடு மின்கலங்கள் டைட்டானியம் டை ஆக்சைடு மின்கலங்களுக்குப் பின்தங்குவதில் அந்தத் தங்கலுக்கு எவ்வளவு பங்கு என்பது உங்களைப் போன்றவர்கள் எடுத்துச் செய்யத் தக்க வேலை.